குண்டு மிஷினுக்கு நான் கட்டிய சீட்டு

போன மாதம் என் மகள் வீட்டில் தூசி பிடித்துக் கிடந்த பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை விற்க, உங்கள் கடைகளில் ஒன்றுக்கு வந்திருந்தேன். கல்லாவில் இருந்த தம்பி பெட்டியை வாங்கி மேசை மேல் வைத்தார். அதற்கப்புறம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனை எடுத்து நாலு தட்டுத் தட்டினார். "எண்ணூறு ரூபா தரலாம்மா" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "என்னம்மா சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். "பெட்டியப் பாத்து வெல சொன்னியா, போனப் பாத்து சொன்னியா?" என்றேன். நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. நானும் பழைய சாமான் கடையில் விலை போட்டவள்தான் என்று தெரிந்ததும் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். டீ குடித்த தோஷத்துக்கு எழுதுகிறேன். இனிக்க இனிக்க எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

என் பெயர் ஸ்டெல்லா. ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே கிழவியானவள். அறுபதுகளின் கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு ஒரு கப்பல் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கப்பல் சாமான் என்றதும் நங்கூரமும் சங்கிலியும் உங்கள் கண்ணில் வந்தால் அது என் தப்பில்லை. கப்பலில் வருகிறவர்கள் கைச்செலவுக்காக விற்றுவிட்டுப் போகிற பொருள்கள்தான் அந்தக் கடையில் இருக்கும். கிராமபோன், டிரான்சிஸ்டர், சாவி கொடுத்தால் மேளம் அடிக்கும் பொம்மைக் குரங்கு, இரண்டு காய் தொலைந்த சதுரங்கப் பெட்டி, அம்பு இல்லாத அம்பெறி பலகை. பாட்டுச் சாமான் பாதி, விளையாட்டுச் சாமான் பாதி. எல்லாமே இன்னொருத்தர் கைபட்டவை. ஆக, உங்கள் தொழில்தான் என் தொழிலும். எங்களிடம் போன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் நாங்கள் புத்திசாலிகளாக இருந்தோம் என்று ஏமாந்துவிடாதீர்கள். போன் இல்லாமலே முட்டாள்தனம் செய்ய முடியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். அதற்காகத்தான் வேலை கிடைத்தது. சாமானுக்கு விலைச்சீட்டு எழுதிக் கட்டுவது என் வேலை. மூன்றாவது வருஷத்தில் விலை போடுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. முதலாளிக்கு ஏலத்துக்கும் துறைமுக வாசலுக்கும் அலையவே பொழுது சரியாக இருந்தது. இருபது வயதுப் பெண் விலை போடுகிறாள் என்று தெருவே பேசிற்று. எனக்கு அதில் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

முதலாளியிடம் இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்று, சீட்டு. அட்டையில் விலை எழுதி, சணலில் கோத்து, சாமானில் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி வைத்துவிட்டால் முடிந்தது கதை. சாமான் விற்கிறவரை ஒரு பைசா ஏறாது, இறங்காது. அக்கம்பக்கத்தில் எல்லாக் கடையிலும் பேரம் நடக்கும். எங்கள் கடையில் பேச்சுக்கே இடமில்லை. "அரக்கு வச்சாச்சுன்னா எங்கப்பன் குழிலருந்து எழுந்து வந்து கேட்டாலும் அதே வெலதான்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அளப்பார்.

இரண்டாவது, போணி. காலையில் கடை திறந்து முதலில் காலடி வைக்கிறவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. திரும்பினால் அன்றைய வியாபாரம் நாசம் என்று நம்பினார். வழி கேட்க உள்ளே வந்த தபால்காரர் கையில் ஒருநாள் ஊதலைத் திணித்து, பத்து பைசா வாங்கிக்கொண்டுதான் விட்டார். இந்த இரண்டும் நேர்மை என்று நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். நேர்மையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. முதலாவது விளம்பரம், இரண்டாவது பயம்.

இனி மிஷின் கதை. வெளிநாட்டு மாலுமிகள் வந்து தங்கும் விடுதி ஒன்றில் பழைய தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். முதலாளி நாற்காலிகளுக்காகப் போனார். நாற்காலிகளோடு ஒட்டிக்கொண்டு அதுவும் வந்து சேர்ந்தது. சவப்பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி, நாலு கால், மேலே கண்ணாடி. காசு போட்டால் ஐந்து இரும்புக் குண்டுகள் ஒவ்வொன்றாக வரும். வில்லை இழுத்து விட்டால் குண்டு மேலே பாய்ந்து, இங்கேயும் அங்கேயும் இடித்து, மணி அடித்து, விளக்கு எரியவிட்டுக் கீழே உருளும். கீழே இரண்டு குட்டைக் கைகள். பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கைகள் எகிறிக் குண்டை மறுபடி மேலே தள்ளும். நம் நாலணா அதில் அச்சாக விழுந்தது. இதற்குப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. குண்டு மிஷின் என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

"இத்த இன்னா வெலக்கி குடுக்கறது?" என்று முதலாளி தலையைச் சொறிந்தார். "நீயே எதுனா போடு ஸ்டெல்லா."

போட்டேன். எப்படிப் போட்டேன் தெரியுமா? மரத்தைத் தட்டிப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், மதராஸில் இதைப் போல இன்னொன்று எவரிடமும் இருக்காது என்று நினைத்துப் பார்த்தேன். அறுநூறு ரூபாய் என்று எழுதிக் கட்டினேன். ஒரு தொழிலாளிக்கு அது இரண்டு மாதச் சம்பளம். பத்து ஆட்டம் ஆடிப் பார்த்தேன். அதில் ஒருமுறை முதலாளி பெட்டி மேல் சாய்ந்தபோது சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. குட்டைக் கைகள் செத்தன. குண்டு சும்மா உருண்டு குழிக்குள் போயிற்று. கரண்ட் ஏற்ற இறக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்தச் சிவப்பு விளக்கு எதற்கு என்று எவரையாவது ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. விலை போடுகிறவள் அல்லவா, கேட்டால் கௌரவம் என்ன ஆவது!

முதலில் வந்தவன் திருவொற்றியூர் பக்கத்துக் காண்ட்ராக்டர் ஒருவரின் மகன். கறுப்புக் கண்ணாடி, தரையைப் பெருக்கும் பேண்ட், வெளியே மோட்டார் சைக்கிள். பங்களாவில் நண்பர்களோடு விளையாட வேண்டுமாம். "நானூறு வச்சிக்க, இப்பவே தூக்கிகினு போறேன்" என்றான். "அரக்கு வச்சாச்சு நைனா" என்றார் முதலாளி. "பழய பொட்டிக்கு இவ்ளோ பிகுவா?" என்று வாசலிலேயே துப்பிவிட்டுப் போனான்.

அடுத்து வந்தவர் சூசை அண்ணன். எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான், முகம் தெரியும். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். கட்டு அவிழ்ந்து சரக்கு விழுந்ததில் வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கிப்போய், நஷ்டஈட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தங்கச்சி, இத்த ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கலாமா?"

"ஆடுங்கண்ணே."

இடது கையை ஒரு பொத்தானில் வைத்தார். வலது கையைக் கொஞ்சம் தயங்கித்தான் லுங்கி மடிப்பிலிருந்து வெளியே எடுத்தார். மீதியிருந்த ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தினார். மிஷினின் கை எகிறிற்று, குண்டு பறந்தது, மணி அடித்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். விபத்துக்கு அப்புறம் அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இதுக்கு ஒரு வெரலு போதும் தங்கச்சி! திருநாளுக்குக் கோயில் வெளிய வைப்பேன். மத்த நாள்ல டீக்கட வாசல்ல. அதோ ரயில் லைன் ஓரம் கீதே, அந்தக் கட. நாலணா போட்டா அஞ்சு குண்டு. மூணு பொண்ணுங்க கீதுங்க, எங்க வூட்டுக்காரி மீன் வித்து எவ்ளோன்னுதான் இஸ்துகினு போவும்?"

ரயில் லைன் ஓரம் என்று அவர் வாயாலேயே சொன்னார். என் இரண்டு காதாலும் கேட்டேன். அறுநூறு ரூபாயை வாங்கி, அரக்கை உடைத்து, சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினேன். வாங்குகிறவர் அதை எங்கே வைக்கப்போகிறார் என்று யோசிக்காமல் போட்ட விலை விலையே இல்லை. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. உங்களில் பலருக்கு இன்றைக்கும் தெரியவில்லை என்று போன மாதம் உங்கள் கடையில் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் சட்டைப்பை கிழிந்து தொங்க வந்தார். கன்னத்தில் விரல் தடம்.

"மிஷினு பேஜாரு பண்ணுது தங்கச்சி. நல்லா ஆடிகினே இருக்கும், திடீர்னு செவப்பு லைட்டு எரிஞ்சி செத்துப்பூடுது. நாலணா போட்டவன் சும்மா உடுவானா? நான் கீழ பட்டன் வச்சிகினு கால்ல அமுக்கறேனாம். அப்டி சொல்லி ஒருத்தன் அறைஞ்சிட்டான். டீக்கடக்காரரு எடுத்துகினு போன்றாரு."

"பாக்கறேண்ணே" என்றேன். அவர் போனதும் முதலாளி, "வித்த சாமானுக்கு நாம இன்னா பொறுப்பு? அப்பால எல்லாரும் வந்து குந்திக்குவானுங்க" என்றார். நான் ஒரு கிராமபோனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கப்பலில் எலக்ட்ரீசியனாக இருந்த ஒரு தூத்துக்குடிக்காரர் டிரான்சிஸ்டர் விற்க வந்தார். நரைத்த மீசை, உலகத்துத் துறைமுகமெல்லாம் பார்த்தவர். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. இப்படி ஒரு மிஷின், சிவப்பு விளக்கு எரிந்தால் செத்துப்போகிறது என்று அவரிடம் சொன்னேன். முதன்முதலாகக் கேட்டேன், பாருங்கள், பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்ட பிறகு.

அவர் சிரித்தார். "அது கோளாறு இல்லம்மா. உள்ள ஒரு கம்பியில தூக்குக்குண்டு தொங்கும், கொத்தனார் வச்சிருப்பாருல்லா, அத மாதிரி. ஆடுதவன் பெட்டியத் தூக்கி, சரிச்சு, ஏமாத்தக் கூடாதுல்லா? பெட்டி ஆடுனா குண்டு வளையத்துல தட்டும், மிஷின் நின்னுரும். அது எங்க வச்சிருக்காவ?"

"ரயில் லைன் ஓரம்."

"அப்படிச் சொல்லு. கூட்ஸு வண்டி போவும்போதெல்லாம் தரை அதிரும்லா, அதான். குண்ட மேல ஏத்தி முடுக்கிட்டா சோலி முடிஞ்சுது. சின்னப்பிள்ளகூட செய்யும்."

அவர் போனதும் பக்கத்தில் இருந்த முதலாளியைப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"கேட்டுகினியா? இப்ப வாய மூடிக்கினு வேலயப் பாரு. ரெண்டு நாள்ல அவனே வண்டில ஏத்திகினு வந்து உயுவான். அடிமாட்டு வெலக்கி வாங்கிப்போடு. காண்ட்ராக்டர் பையன் நேத்து மறுபடி வந்தான். தோஸ்துங்க கிட்ட பெருமையா சொல்லிட்டானாம், தொள்ளாயிரம் வரிக்கும் தரேன்றான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயமா? பயம் இருந்தது. அப்பா இல்லாத வீடு, என் சம்பளத்தில் அரிசி வந்தது. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நான் உடான்ஸ் விடுகிறேன் என்று அர்த்தம். நான் அறுநூறு போட்ட சாமான் தொள்ளாயிரத்துக்குப் போகிறது என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

முதலாளி சொன்னபடியே இரண்டாம் நாள் சாயங்காலம் கைவண்டியில் மிஷின் வந்தது. சூசை அண்ணனே பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, மொதலாளி இன்னா வேணா சொல்லட்டும். நீ சொல்லு. இதுல இன்னா கோளாறு? சரி பண்ண முடியுமா?"

இந்த மாதிரி ஒரு கேள்வி உங்கள் தொழில்வாழ்க்கையில் இரண்டோ மூன்றோ தடவைதான் வரும். விலைப்பட்டியல், சந்தை நிலவரம், போன் எதுவும் அப்போது உதவாது. பதில் எனக்குத் தெரியும். ஒரு நிமிஷ வேலை. முதலாளி தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழய மிஷினுண்ணே. உள்ள எதுனா தேஞ்சி போயிருக்கும்" என்றேன்.

"அப்ப அவ்ளோதானா?"

"அவ்ளோதாண்ணே."

"நீ சொன்னா சரிதான். எவ்ளோ குடுப்பீங்க?"

"நூத்தம்பது."

அவர் பேரம் பேசவில்லை. எங்கள் கடையில் பேரம் கிடையாது என்று அவருக்கும் தெரியும். பணத்தை வாங்கிக்கொண்டு, போகும்போது அந்தப் பொத்தானை ஒருமுறை சும்மா அழுத்திப் பார்த்தார். கரண்ட் இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை. போய்விட்டார்.

முதலாளிக்கு ஒரே குஷி. "தொள்ளாயிரம்னு சீட்டு எழுதி அரக்கு வச்சிடு. பையன் காலைல பத்து மணிக்கி வரான்" என்று சொல்லிவிட்டு, வாயில் ஏதோ பாட்டோடு கிளம்பினார். நான் அட்டையை எடுத்தேன். ஒன்பது என்று எழுதப் பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை. "நீ சொன்னா சரிதான்" என்ற குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நூற்றைம்பது என்று என் குண்டுக் கையெழுத்தில் எழுதினேன். கட்டினேன். அரக்கை உருக்கி வைத்தேன், விரல் சுட்டது. சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன். சூசை அண்ணன் வீடு நான் போகிற வழியில்தான். கதவு சாத்தியிருந்தது. தட்டலாமா என்று நின்றேன். என்ன சொல்வது, நான் பொய் சொன்னேன் என்றா? காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடையைக் கட்டினேன்.

விடிந்ததும் கடற்கரையில், மீன் ஏலம் போகிற இடத்தில் அண்ணன் மனைவி ஆரோக்கியத்தைப் பிடித்தேன். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஆரோக்கியக்கா, நேத்து குடுத்த நூத்தம்பது கீதா?"

"இன்னாமே, அத்தயும் புடுங்கிக்கப் போறியா?"

"எடுத்துகினு கடைக்கு வா. கட தெறந்ததும் மொத ஆளா உள்ள கால வை. குண்டு மிஷின் வோணும்னு கேளு."

"அந்த சனியனா? பைத்தியமா உனக்கு?"

"ஒண்ணும் கேக்காத அக்கா. வா."

வந்தாள். நேற்றுப் பொய் சொன்னவளை எதற்கு நம்பினாள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நேற்றுச் சொன்னது பொய் என்றே அவளுக்குத் தெரியாது, அதனால்தான் இருக்கும்.

முதலாளி வாசலில் தண்ணீர் தெளித்து, கற்பூரம் ஏற்றி, கும்பிட்டு நிமிர்ந்தார். ஆரோக்கியம் மீன் கூடையோடு உள்ளே நுழைந்தாள். அவர் மூக்கைச் சுளித்தார், ஆனால் போணி ஆயிற்றே, "வா வா" என்று பல்லைக் காட்டினார்.

"அந்த குண்டு மிஷினு இன்னா வெல?"

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து ஜவுளிக்கடைக்காரரும், ரிக்‌ஷாக்காரர்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார்: "நம்ம கடைல வாயால வெல சொல்றது இல்லமா. அரக்கு வச்ச சீட்டுதான். ஸ்டெல்லா, படி."

"நூற்றைம்பது ரூபாய்" என்று படித்தேன்.

அவர் ஓடி வந்து அட்டையைத் திருப்பினார். அரக்கைத் தடவினார். என் காதருகே குனிந்து, "தொள்ளாயிரம்னு சொன்னேனே, கஸ்மாலம்!" என்று பல்லைக் கடித்தார்.

"அரக்கு வச்சாச்சே மொதலாளி" என்று உரக்கச் சொன்னேன்.

ஆரோக்கியம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஈர நோட்டுகள், மீன் வாடை. முதலாளி நோட்டுகளைப் பார்த்தார், எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தைப் பார்த்தார், வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். "இன்னா மொதலாளி ரோசன? போணிய திருப்பி அனுப்பப் போறியா?" என்றார் ஜவுளிக்கடைக்காரர். ஆயுள் முழுக்க அளந்துவிட்ட இரண்டு கொள்கைகளும் சேர்ந்து அவர் கழுத்தைப் பிடித்தன. பணத்தை வாங்கினார். பழக்கதோஷத்தில் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டார்.

முதலாளியின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். பத்து மணிக்குக் காண்ட்ராக்டர் மகன் வந்து, தோஸ்துகள் முன்னால் மானம் போயிற்று என்று குதித்துவிட்டுப் போனான். முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் தெருவுக்குக் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் சீட்டின் மானம் போகும். மூன்று மாதம் என்னிடம் நேராகப் பேசாமல், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்று சுவரைப் பார்த்துப் பேசினார். இத்தனைக்கும் அவருக்கு ஒரு காசு நஷ்டமில்லை. முதலில் விற்ற அறுநூறு அவரிடம்தான் இருந்தது. கிடைக்காமல் போன லாபத்துக்கு எழவு கொண்டாடுகிறவர்களை உங்கள் தொழிலிலும் பார்ப்பீர்கள். அவர்களுக்காகக் கண்ணீர் விடாதீர்கள்.

மிஷினும் நன்றாகத்தான் ஓடியது. கோயில் திருநாளில் அதற்கு முன்னால் வரிசை நின்றதை நானே பார்த்தேன். சூசை அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை மறைக்காமல் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார்.

இங்கே நான் நிறுத்தியிருந்தால் நீங்கள் எல்லோரும் கைதட்டியிருப்பீர்கள். எனக்கும் அன்று காலையில் அந்த ஆசைதான் இருந்தது. ரிக்‌ஷாக்காரர்கள் மிஷினைத் தூக்கி நடைபாதையில் வைத்ததும், நான் ஓடிப்போய் மண்டியிட்டேன். முன்பக்கத்துக் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, தூக்குக்குண்டை மேலே ஏற்றி முடுக்கினேன். கடையிலிருந்து வயரை இழுத்துக் கரண்ட் கொடுத்து, பெட்டியைக் குலுக்கிக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. கைகள் இரண்டும் எகிறி எகிறி அடித்தன.

"அவ்ளோதான் அக்கா! இனிமே எந்தக் கூட்ஸு போனாலும் நிக்காது" என்று எழுந்து நின்றேன். நன்றி சொல்வாள், கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

ஆரோக்கியம் உள்ளே தொங்கிய அந்தக் குண்டைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மூணு நாளாச்சு. ஒரு கப்பல்காரரு சொன்னாரு."

"அப்ப நேத்து எங்க வூட்டுக்காரரு வந்து நின்னு கேட்டப்ப?"

நான் குனிந்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"நீ சொன்னியாம், அவ்ளோதான்னு. ஸ்டெல்லாவே சொல்லிடுச்சுன்னு வூட்ல வந்து குந்தினாரு. சோறு துன்னல. பெரியவளக் கூப்ட்டு, நாளைலருந்து ஸ்கூலுக்குப் போவ வோணாம், தீப்பெட்டி கம்பெனில சொல்லிக்கிறேன்னாரு. அது பொஸ்தகத்தக் கட்டிப்புடிச்சிகினு விடியவிடிய அழுதுச்சு. அவரும் செவுத்தப் பாத்து அழுதாரு." குரலை உயர்த்தவே இல்லை. "எல்லாத்துக்கும் சீட்டு கட்றியே, அந்த ராத்திரிக்கு இன்னா வெல போட்ட?"

கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மிஷினை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் போய்விட்டாள். பெரிய பெண் அன்றைக்கே பள்ளிக்கூடம் போனாள், மேலே படித்தாள், நன்றாக இருக்கிறாள். ஆரோக்கியம் அப்புறமும் எங்கள் தெருவில் மீன் விற்றாள். எனக்கும் விற்றாள், எடை குறைத்ததில்லை. ஆனால் ஸ்டெல்லா என்று என்னை மறுபடி அவள் கூப்பிடவே இல்லை.

அதற்கப்புறமும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிரக்கணக்கான பழைய சாமான்களுக்கு விலை போட்டிருக்கிறேன். அவள் கேட்டதற்கு மட்டும் என்னால் சீட்டு எழுத முடியவில்லை. நீங்கள்தான் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிறீர்களே, உங்கள் போனில் அது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.